‘செட்’ ஆகாத சந்தேகங்கள்: வாசகர் கேள்வி பதில்

‘செட்’ என்கிற ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றி மட்டும் கேள்வி அனுப்புங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். இலக்கணக் கேள்விகளோடு கொத்தனார் கேள்வி, கோர்ட் கேள்வி, கோழிப் பண்ணைக் கேள்வி எல்லாம் வந்து சேர்ந்திருக்கின்றன.

ஆங்கிலத்திலேயே மிக அதிகப் பொருள் கொண்ட சொல் ‘செட்’ என்கிறார்களே, உண்மையா?
கல்லூரி மாணவர், திருச்சி

ஒரு காலத்தில் உண்மை. 1989-ல் 20 தொகுதிகளாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற வினைச்சொல்தான். சுமார் 430 பொருள்கள். விளக்கமும் மேற்கோளுமாக 60,000 சொற்கள். பிறகு அகராதியைத் திருத்தி எழுதியபோது ‘ரன்’ முந்திக்கொண்டது. வினையாக மட்டும் அதற்கு 645 பொருள்கள் என்று 2011-ல் தெரிவித்தார்கள். எனவே பொது அறிவுத் தேர்வில் இந்தக் கேள்வி வந்தால், எந்தப் பதிப்பைக் கேட்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள்.

இத்தனை பொருளையும் எப்படிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது? பட்டியல் போட்டால் பயந்துவிடுகிறார்கள்.
ஆங்கில ஆசிரியை, தேனி

பட்டியல் போடாதீர்கள். தமிழில் ‘அமர்ந்தான், அமர்த்தினான்’ என்று ஒரு ஜோடி இருக்கிறது அல்லவா? தானே அமர்வது ஒன்று, இன்னொன்றை அமரச் செய்வது மற்றொன்று. இரு–இருத்து, கிட–கிடத்து, திருந்து–திருத்து எல்லாம் அப்படித்தான். பழைய ஆங்கிலத்திலும் இந்த வழக்கம் இருந்தது. ‘சிட்டன்’ என்றால் உட்கார்வது, ‘செட்டன்’ என்றால் உட்கார வைப்பது. இன்றைய ‘சிட்’, ‘செட்’ இரண்டும் அந்த ஜோடியின் வாரிசுகள். ‘லை’க்கு ‘லே’, ‘ரைஸ்’ஸுக்கு ‘ரெய்ஸ்’, ‘ஃபால்’லுக்கு மரத்தை வெட்டிச் சாய்க்கிற ‘ஃபெல்’ ஆகியவையும் இதே குடும்பம்.

ஆக, ‘செட்’டின் அடிப்படைப் பொருள் ‘இருத்து’. பேச்சுத் தமிழில் அந்த வேலையைச் செய்கிற சொல் ‘வை’. வகுப்பில் அதிலிருந்தே தொடங்கலாம். அலாரம் வை, பொறி வை, தீ வை, காவல் வை, விலை வை, வரம்பு வை, நிபந்தனை வை, கல்யாணத்துக்கு நாள் வை, வாசலில் கால் வை: இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ‘செட்’ போடலாம். ‘கடை வை’ என்றால் கூடவே ‘அப்’ சேர்த்து ‘செட் அப்’. ஒன்பது, பத்து எடுத்துக்காட்டு சொல்வதற்குள் பிள்ளைகளே பதினோராவதைச் சொல்லிவிடுவார்கள்.

தவறு நேரும் இடங்களையும் உடனே சொல்லிவிட வேண்டும். குழம்பு வைப்பதற்கு ‘மேக்’, பொட்டு வைப்பதற்கு ‘புட்’, பெயர் வைப்பதற்கு ‘நேம்’. இங்கெல்லாம் ‘செட்’ நுழையாது. ‘கண் வை’ இன்னும் மோசமான பொறி. தமிழில் அடுத்தவர் பொருள்மீது கண் வைத்தால் ஆசைப்படுவது, சமயத்தில் கண்ணேறு படுவதும்கூட. ஆங்கிலத்தில் ‘செட் ஐஸ் ஆன்’ என்றால் வெறுமனே பார்ப்பதுதான். ஆசைப்படுவதற்கு அங்கே கண்ணை விட்டுவிட்டு இதயத்தை எடுக்க வேண்டும்: ‘செட் ஒன்ஸ் ஹார்ட் ஆன்’. மனசு வைப்பது.

இன்னொன்றையும் சேர்த்துத் திருத்துங்கள். ‘வை’ என்றதும் நம் பிள்ளைகளின் நாக்கில் வருவது ‘கீப்’. ‘சார் டெஸ்ட் வச்சார்’ என்பதை ‘சார் கெப்ட் எ டெஸ்ட்’ என்கிறார்கள். ‘கீப்’ என்றால் வைத்திருப்பது, விடாமல் காப்பது. வைக்கும் செயல் அதில் இல்லை. மேசைமேல் புத்தகத்தை வைக்க ‘புட்’. பரீட்சை வைக்க ‘கிவ்’. ‘செட் எ டெஸ்ட்’டும் சரிதான். ஆனால் ‘செட்’ போட்டால் வினாத்தாளைத் தயாரித்தவர் என்ற பொருளும் வரும். வினாத்தாள் தயாரிப்பவரை ‘பேப்பர் செட்டர்’ என்பது அதனால்தான்.

அப்படியானால் ‘சாவி செட்’, ‘டீ செட்’ என்பதெல்லாம்? அதில் எதை உட்கார வைக்கிறோம்?
வாசகர், சேலம்

எதையும் இல்லை. தொகுதி என்ற பொருள் தரும் ‘செட்’ வேறொரு சொல். பழைய பிரெஞ்சு வழியாக லத்தீன் ‘செக்டா’விலிருந்து வந்தது. ஒருவரைப் பின்பற்றுவோர் கூட்டம் என்று பொருள்; மதப் பிரிவைக் குறிக்கும் ‘செக்ட்’டும் அதே ஊற்றுதான். ஆங்கிலத்துக்குள் வந்தபின் உச்சரிப்பு ஒன்றாகிவிட்டதால், உட்கார வைக்கும் ‘செட்’டோடு கலந்து ஒரே சொல்போல் ஆகிவிட்டது.

எழுதும்போது ஒரு கவனம்: ‘எ செட் ஆஃப் கீஸ்’ ஒருமை. சாவி எத்தனை இருந்தாலும் பின்னால் ‘இஸ்’தான் வரும். எதையும் சும்மா குவித்து வைத்தால் செட் ஆகாது. ஒன்றுக்கொன்று சேர்ந்தே இருக்க வேண்டியவை, ஒன்று குறைந்தால் குறை என்று தெரிபவை மட்டுமே செட். செட் தோசைக்கு எத்தனை என்று அடுத்த கேள்வி வருமுன் சொல்லிவிடுகிறோம். அது கடைக்குக் கடை மாறும், இரண்டும் உண்டு, மூன்றும் உண்டு.

‘ஹி செட் தி டேபிள்’ என்ற வாக்கியம் நிகழ்காலமா, இறந்தகாலமா?
பத்தாம் வகுப்பு மாணவி, நாகர்கோவில்

இறந்தகாலம். நிகழ்காலமானால் ‘ஹி’க்குப் பின் ‘செட்ஸ்’ வந்திருக்க வேண்டும். ‘ஐ செட்’, ‘தே செட்’ என்று வந்தால் சொல்லை மட்டும் பார்த்துக் காலம் சொல்ல முடியாது. ‘யெஸ்டர்டே’, ‘எவ்ரி டே’ போன்ற துணைச் சொல் வேண்டும். ‘புட்’, ‘கட்’, ‘ஹிட்’, ‘லெட்’, ‘ஷட்’ எல்லாம் இதே ரகம். இறுதியில் ஏற்கெனவே ‘ட்’ ஒலி இருந்ததால், இறந்தகால விகுதி அதோடு ஒட்டி மறைந்துவிட்டது. ‘செட்டெட்’ என்று எழுதினால் மதிப்பெண் போகும். ‘செட்டிங்’ எழுதும்போது ‘டி’ எழுத்து இரண்டு.

செட் என்றால் இன்னொன்றை வைப்பது என்கிறீர்கள். சூரியனை யார் வைக்கிறார்கள்? ‘தி சன் செட்ஸ்’ தானே?
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தென்காசி

சரியான இடத்தில் பிடித்தீர்கள், ஐயா. சில இடங்களில் ‘செட்’ தானே அமர்கிற ‘சிட்’டின் வேலையையும் செய்கிறது. சூரியன், சிமென்ட், ஜெல்லி, கட்டுப் போட்ட எலும்பு இவையெல்லாம் தாமாகவே ‘செட்’ ஆகும்.

உங்கள் ஊர்ப் பக்கத்து வழக்கே இதற்கு நல்ல துணை. ‘பொழுது அடைஞ்சிட்டு’ என்பீர்கள். சாயங்காலம் கூட்டுக்கு வரும் கோழியும் ‘அடையும்’. முட்டைமேல் உட்கார்ந்தால் ‘அடை’. ஆங்கில நாட்டுப்புற வழக்கிலும் கோழியை ‘செட்’ செய்வது என்றால் அடை வைப்பதுதான். சூரியனுக்கும் கோழிக்கும் ஒரே வினைச்சொல் என்பது இரண்டு மொழிக்கும் தோன்றியிருக்கிறது.

குஞ்சு பொரிப்பகங்களில் இந்தச் சொல் இன்றும் அப்படியே உயிரோடு இருக்கிறது. நாமக்கல் பக்கம் பொரிப்பகத்தில் வேலை செய்யும் ஒருவர் இதே தபாலில், ‘செட்டர் மெஷின் என்று ஏன் பெயர்?’ என்று கேட்டிருக்கிறார். அடை வைக்கும் இயந்திரம் என்பதுதான் பொருள். கோழி முட்டைக்கு மொத்தம் 21 நாள். முதல் 18 நாள் செட்டரில், ஏறக்குறைய 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இருக்கும். தட்டுகள் மணிக்கொரு தடவை சாய்ந்து திரும்பும். திருப்பாவிட்டால் கரு ஓட்டின் உட்சவ்வில் ஒட்டிக்கொண்டு செத்துப்போகும். கடைசி 3 நாளுக்கு, குஞ்சு பொரிந்து வெளிவரும் இயந்திரமான ஹேச்சருக்கு மாற்றுவார்கள். அங்கே திருப்புவது இல்லை, ஈரப்பதம் மட்டும் கூடும். ஈரப்பதம் போதாவிட்டால் உட்சவ்வு காய்ந்து இறுகி, ஓட்டைக் கொத்தியும் குஞ்சு வெளியே வர முடியாமல் நின்றுவிடும்.

சிமென்ட் செட் ஆகிவிட்டது என்று கொத்தனார் சொல்கிறார், மேலே ஏறி நடக்கிறார்கள். செட் ஆனால் போதுமா?
வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகர், காரைக்குடி

போதாது. இங்கே ‘செட்’ என்பதற்கும் ‘ஹார்டன்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு வெறும் அகராதி விஷயம் அல்ல, உங்கள் கூரை விஷயம்.

செட் ஆவது என்றால் குழைவு போய் இறுகி, வடிவம் நிலைப்பது. வலிமை ஏறுவது அதற்குப் பிறகு வாரக்கணக்கில் நடப்பது. சாதாரண போர்ட்லாண்டு சிமென்ட்டுக்கு இந்தியத் தர விதி இரண்டு கெடு சொல்கிறது. தொடக்க இறுக்கம் 30 நிமிடத்துக்கு முன் வரக்கூடாது. இறுதி இறுக்கம் 600 நிமிடத்தைத் தாண்டக்கூடாது. ஆய்வகத்தில் விகாட் ஊசியைச் சிமென்ட் குழைவில் இறக்கி, எவ்வளவு ஆழம் போகிறது என்று பார்த்து இதை அளக்கிறார்கள். ஆலையில் சிமென்ட் அரைக்கும்போது கொஞ்சம் ஜிப்சம் சேர்ப்பதும் இதற்காகவே. அது இல்லாவிட்டால் தண்ணீர் பட்ட சில நிமிடத்திலேயே கட்டிதட்டிவிடும்.

வேலைத்தளத்தில் நடக்கும் தவறு இரண்டு. ஒன்று, காலையில் குழைத்த கலவை சாப்பாட்டு நேரத்துக்குள் இறுகத் தொடங்கியதும் மேலே தண்ணீர் தெளித்து மறுபடி குழைத்துப் பூசுவது. இறுகும்போது உருவான பிணைப்பு உடைந்துவிட்டது, தண்ணீர் விகிதமும் கூடிவிட்டது. அந்தப் பூச்சு பின்னால் உதிரும், வெடிக்கும். அரை மணிக்குள் பூசி முடிக்கக்கூடிய அளவு மட்டும் தண்ணீர் விட்டுக் குழைக்கச் சொல்லுங்கள். இரண்டாவது தவறு, செட் ஆகிவிட்டதே என்று தண்ணீர் விடுவதை நிறுத்துவது. குறைந்தது 7 நாள் ஈரம் காயக்கூடாது. கலப்புச் சிமென்ட் என்றால் 10 நாள். தளத்துக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதே நல்லது. முட்டுகளை எடுக்க, தளத்தின் அகலம் 4.5 மீட்டர் வரை என்றால் 7 நாள், அதற்கு மேல் என்றால் 14 நாள் பொறுக்க வேண்டும்.

கூடவே ‘செட்பேக்’ பற்றியும் கேட்டிருந்தீர்கள். எல்லையிலிருந்து சுவரைப் பின்தள்ளி வைப்பது, அதனால் கிடைக்கும் காலி இடம். செய்தித்தாளில் அதே சொல் வந்தால் பின்னடைவு. இடத்தைக் காலி விடாமல் கட்டினால் முதலாவது இரண்டாவதாக மாறும்.

‘கோர்ட் செட் அசைட் தி ஆர்டர்’ என்பதை ‘உத்தரவை ஒதுக்கி வைத்தது’ என்று மொழிபெயர்த்தேன். வக்கீல் சிரிக்கிறார்.
மொழிபெயர்ப்பாளர், மதுரை

சிரித்ததோடு விட்டாரே. பணத்தை ‘செட் அசைட்’ செய்தால் ஒதுக்கி வைப்பது. நீதிமன்றம் ஓர் உத்தரவை ‘செட் அசைட்’ செய்தால் ரத்து செய்வது. அந்த உத்தரவு இனி இல்லை. ‘ஒதுக்கி வைத்தது’ என்று எழுதினால், படிப்பவர் ‘ஒத்திவைத்தது’ என்று புரிந்துகொள்வார். தீர்ப்பை ஒத்திவைப்பது ‘ரிசர்வ்’. உத்தரவு உயிரோடு இருக்க, அதை நடைமுறைப்படுத்துவதை மட்டும் நிறுத்தினால் ‘ஸ்டே’, அதாவது தடை. மூன்றும் மூன்று நிலை. வழக்காடியவருக்கு இதில் உள்ள வித்தியாசம் வீடு போகிற வித்தியாசம்.

‘செட் அசைட்’ என்று பார்த்ததும் அந்த வாக்கியத்தோடு நிறுத்தாமல் அடுத்த வரியையும் படியுங்கள். ‘ரிமாண்டட்’ என்று தொடர்ந்தால், கீழ் நீதிமன்றத்தின் தீர்ப்பை ரத்து செய்து மறுபடி விசாரிக்கத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வழக்கு முடியவில்லை. குற்ற வழக்கில் ரிமாண்டு என்றால் காவலில் வைப்பது. அதைக் கொண்டுவந்து இங்கே போட்டுவிடாதீர்கள்.

எதிர்த்தரப்பு வராததால் ஒருதலைப்பட்சமாக அளித்த தீர்ப்பாணையை ரத்து செய்யக் கேட்கும் மனு, உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 9-வது கட்டளை, 13-வது விதியின் கீழ் வரும். கெடு 30 நாள். அழைப்பாணை முறையாகச் சார்வு செய்யப்படாதிருந்தால், அதாவது உரியவரிடம் சேர்க்கப்படாதிருந்தால், விஷயம் தெரிந்த நாளிலிருந்து அந்த 30 நாளை எண்ணுவார்கள்.

‘செட் ஆஃப்’ வேறு. அது கழித்துக்கொள்வது. விசாரணைக் கைதியாகச் சிறையில் இருந்த நாள்களைத் தண்டனைக் காலத்தில் கழிப்பதற்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 428-வது பிரிவு. இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 468. மூன்று ஆண்டு தண்டனை, எட்டு மாதம் ஏற்கெனவே உள்ளே இருந்தாயிற்று என்றால், மீதி இரண்டு ஆண்டு நான்கு மாதம்.

செட் ஆஃப், செட் அவுட், செட் அபவுட், செட் இன்: நான்குமே ‘தொடங்கு’ என்று அகராதி சொல்கிறது. எதை எங்கே போடுவது?
போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், விழுப்புரம்

பயணம் புறப்பட்டால் ‘ஆஃப்’, ‘அவுட்’ இரண்டும் சரி. குறிக்கோளோடு ஒரு காரியத்தில் இறங்கினால் ‘அவுட்’. அதன்பின் ‘டு’ வரும்: ‘செட் அவுட் டு ப்ரூவ்’. கையோடு வேலையை ஆரம்பித்தால் ‘அபவுட்’. அதன்பின் ‘இங்’ வரும்: ‘செட் அபவுட் க்ளீனிங்’. தேர்வில் பெரும்பாலும் இந்த ‘டு’வையும் ‘இங்’கையும்தான் மாற்றிப்போட்டுக் கேட்பார்கள்.

‘இன்’ மனிதருக்கு வராது. வந்து நிலைத்துவிடுகிற, சீக்கிரம் போகாத ஒன்றுக்கு வரும்: மழைக்காலம், சீழ், அழுகல், சலிப்பு. ஒரு தூறல் போட்டு நின்றால் ‘செட் இன்’ ஆகாது. பட்டாசு, அலாரம், குண்டு ஆகியவற்றைக் கிளப்பிவிடுவதற்கும் ‘ஆஃப்’தான்.

தலைப்புச் செய்தியில் ‘செட் டு’ வந்தால் தொடங்குவதல்ல, நடக்கவிருப்பது. ‘ப்ரைசஸ் செட் டு ரைஸ்’ என்றால் விலை உயரக்கூடும். உயர்ந்துவிட்டது என்று மொழிபெயர்த்தால் செய்தியே தவறு.

‘செட்டப் பாக்ஸ்’ சரியா, ‘செட்-டாப் பாக்ஸ்’ சரியா?
கேபிள் தொழிலாளி, ஈரோடு

செட்-டாப். டிவி செட்டின் தலைமேல் வைக்கும் பெட்டி. டிவி தட்டையாகிப் போனதால் இப்போது மேலே வைக்க இடமில்லை. பெயர் மட்டும் நிற்கிறது. ‘செட்டப்’ என்பது ஏற்பாடு. பேச்சு வழக்கில் ஆளை மாட்டிவிடச் செய்த சதி. தமிழில் அந்தச் சொல்லுக்குச் சேர்ந்துகொண்ட சின்ன வீட்டுப் பொருள் ஆங்கிலத்தில் இல்லை, ஆகவே வெளிநாட்டுக்காரரிடம் கிண்டல் செய்து பயனில்லை.

‘பம்புசெட்டில் குளித்தேன்’ என்கிறோம். செட் என்றால் அந்த அறையா?
விவசாயி, ஒட்டன்சத்திரம்

அறை இல்லை. மோட்டாரும் பம்பும் சேர்ந்த ஜோடிதான் பம்பு செட். இரண்டையும் ஒரே தண்டில் பொருத்தியது மோனோபிளாக். பொருளின் பெயர் அது இருக்கும் இடத்துக்கு ஆகிவந்துவிட்டது. குழப்பத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு: கார் செட்டு, லாரி செட்டு, தகரச் செட்டு என்பவற்றில் இருப்பது ‘ஷெட்’, அதாவது கொட்டகை. நம் பேச்சில் இரண்டுமே ‘செட்டு’ ஆகிவிட்டன. எழுத்தில் கொட்டகைக்கு ‘ஷெட்’ என்றே எழுதிவிடுங்கள். வங்கிக் கடன் மனுவில் பம்பு செட்டும் பம்பு ஷெட்டும் வேறு வேறு மதிப்பீடு.

‘அவனுக்கும் எனக்கும் செட் ஆகாது’ – ஆங்கிலத்தில்?
வாசகி, கோவை

‘செட்’டே வராது. இது ஆங்கில வேரில் தமிழ் முளைக்க வைத்த கிளை. ஆளோடு ஒத்துப்போகாவிட்டால் ‘வி டோன்ட் கெட் அலாங்’. சட்டை பொருந்தாவிட்டால் அளவுக்கு ‘ஃபிட்’, அழகுக்கு ‘சூட்’. நேரம் ஒத்துவராவிட்டால் ‘டஸன்ட் வொர்க் ஃபார் மி’. கிரிக்கெட்டில் மட்டும் ‘செட் பேட்ஸ்மேன்’ உண்டு. ஆடுகளத்தின் போக்கு பிடிபட்டு நிலைத்துவிட்டவர்.

நகைக்கடையில் ‘ஓப்பன் செட்டிங்’, ‘க்ளோஸ் செட்டிங்’ என்கிறார்களே?
வாசகி, தஞ்சாவூர்

கல் பதிக்கும் விதம். ஓப்பனில் கல்லின் அடிப்பக்கம் திறந்திருக்கும். வெளிச்சம் உள்ளே புகுவதால் வைரம் நன்றாக ஜொலிக்கும், பின்புறமிருந்து கல்லைப் பரிசோதிக்கலாம். க்ளோஸில் அடி மூடியிருக்கும். கெம்புக் கல் நகைகளில் பின்னால் தகடு வைத்து மூடுவது நிறம் எடுப்பாகத் தெரிவதற்காக. மூடிய நகையை அடிக்கடி தண்ணீரில் நனைத்தால் உள்ளே ஈரம் நின்று கல் மங்கும்.

கணக்கில் ‘கணம்’ என்கிறோம். இலங்கைப் பாடநூலில் வேறு சொல்லாமே? அதோடு, ‘செட்’ தேர்வுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
முதுகலை மாணவர், புதுச்சேரி

இலங்கையில் ‘தொடை’. இரண்டும் ஒன்றே: எழுதும் வரிசை முக்கியமல்ல, ஓர் உறுப்பை இரு முறை எழுதினாலும் ஒன்றாகவே எண்ணப்படும். உதவிப் பேராசிரியர் பணிக்கான ‘செட்’ தேர்வோடு சம்பந்தமே இல்லை; அது மாநிலத் தகுதித் தேர்வின் ஆங்கிலப் பெயரில் உள்ள மூன்று முதலெழுத்துகள்.

பள்ளி விளையாட்டு விழாவில் ‘ரெடி, ஸ்டெடி, கோ’ என்கிறோம். சர்வதேசப் போட்டியில் ‘செட்’ என்று மட்டும் கேட்கிறதே?
உடற்கல்வி ஆசிரியர், சிவகங்கை

400 மீட்டர் வரையிலான ஓட்டங்களுக்கு ‘ஆன் யுவர் மார்க்ஸ்’, அடுத்து ‘செட்’, அதன்பின் துப்பாக்கி. ‘செட்’ என்றதும் இடுப்பை உயர்த்தி அசையாமல் நிற்க வேண்டும். எல்லாரும் அசைவற்ற பிறகே வெடி. 800 மீட்டரிலிருந்து ‘செட்’ கிடையாது. ‘ஆன் யுவர் மார்க்ஸ்’ சொல்லி, அனைவரும் நிலைத்ததும் நேரே வெடிதான். உங்கள் பள்ளியில் 1500 மீட்டருக்கும் ‘செட்’ சொல்லிப் பழக்கியிருந்தால், மாவட்டப் போட்டியில் பிள்ளைகள் அந்தச் சொல்லுக்காகக் காத்து நின்றுவிடுவார்கள்.